ஏசியில் தண்ணீர் ஒழுகுகிறது, குளிர்ச்சியும் குறைகிறது: கேஸ் நிரப்பத்தான் வேண்டுமா?

திருநகர்வாசி (கேள்வி)

வணக்கம். மதுரையில் எங்கள் வீட்டுப் படுக்கையறையில் ஐந்து ஆண்டுகளாக ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி ஓடுகிறது. பத்து நாட்களாக, போட்ட முதல் ஒரு மணி நேரம் நன்றாகக் குளிர்கிறது. பிறகு காற்று படிப்படியாகக் குறைந்து, நள்ளிரவில் ஏசியை அணைத்த சற்று நேரத்தில் உள் யூனிட்டின் இடது ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டிச் சுவரை நனைக்கிறது. 78 வயதான என் தாயாரின் கட்டில் அந்தச் சுவரை ஒட்டியே இருப்பதால் நாள் கடத்த மனம் வரவில்லை. வந்து பார்த்த மெக்கானிக், குழாயைத் தொட்டுப் பார்த்த மாத்திரத்தில், கேஸ் குறைந்துவிட்டது, நிரப்ப வேண்டும் என்கிறார். சென்ற ஆண்டு மே மாதத்திலும் இதையே சொல்லித்தான் நிரப்பினார்கள். ஆண்டுதோறும் கேஸ் தீர்ந்துபோவது இயல்புதானா? ஃபில்டரை மாதம் ஒருமுறை நானே கழுவுகிறேன். அம்மாவின் மேல் காற்று பலமாக அடிக்கக் கூடாது என்று ஃபேன் வேகத்தைக் குறைத்து, 18 டிகிரியில் வைக்கிறோம்.

கோவை மெக்கானிக்

ஐயா, இத்தொழிலில் பதினெட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். ஏசியில் உள்ள கேஸ், வண்டியில் ஊற்றும் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதுவே சுற்றிச் சுற்றி வருகிறது. அது குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். கசிவை அடைக்காமல் மேலும் மேலும் நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதற்கு ஒப்பாகும்.

ஆனால் நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால், உங்கள் ஏசியில் கேஸ் குறைந்ததாகவே எனக்குத் தோன்றவில்லை. ஒரு மணி நேரத்திற்குப் பின் காற்று குறைவதும், அணைத்த பிறகு தண்ணீர் கொட்டுவதும் ஒரே கோளாறின் இரு முகங்கள். உள் யூனிட்டில் காற்றைக் குளிர்விக்கும் குழாய்த் தொகுப்பான காயிலின் வழியே போதிய காற்று போகாதபோது அதன் மேல் ஐஸ் கட்டுகிறது. ஐஸ் காற்றை மேலும் அடைக்கிறது. அணைத்தவுடன் அத்தனையும் ஒரே நேரத்தில் உருகி, கீழேயுள்ள டிரேயில் கொள்ளாமல் வழிகிறது. ஃபேனைக் குறைத்து 18 டிகிரியில் வைப்பது இதற்குத் துணைபோகிறது. (2020 ஜனவரி முதல் இந்தியாவில் ஸ்டார் முத்திரையுள்ள ஏசிகள் 24 டிகிரியைத் தொடக்க அளவாகக் கொண்டே வருகின்றன, உங்கள் தாயாருக்கும் அதுவே இதமாக இருக்கும்.)

இன்று இரவு ஒரு மணி நேரம் ஓடிய பின், வெளி யூனிட்டில் குழாய்கள் சேரும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். மெல்லிய குழாயில் மட்டும் வெண்பனி படிந்து, தடித்த குழாய் சில்லென்று இல்லாமல் இருந்தால், கேஸ் குறைவு என்று ஐயப்படலாம். தடித்த குழாயிலும் ஐஸ் ஏறியிருந்தால், குறை பெரும்பாலும் காற்றோட்டத்தில்தான். அடுத்து, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஃபில்டரைக் கழற்றி, காயிலையும் அதற்குப் பின்னால் உருளை வடிவில் இருக்கும் ப்ளோயரையும் பாருங்கள். ஃபில்டரை எத்தனை முறை கழுவினாலும் நுண்தூசி அதைத் தாண்டிப் போய் ப்ளோயரின் இதழ்களில் படியத்தான் செய்யும். ஐஸைக் கத்தியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ தயவுசெய்து குத்தாதீர்கள். குழாயில் ஓட்டை விழுந்தால் காயிலையே மாற்ற நேரிடலாம். ஃபேன் மோடில் ஓடவிட்டால் தானாக உருகிவிடும்.

அடையாறு வாசகி

எங்கள் வீட்டிலும் தண்ணீர் ஒழுகியது, ஆனால் காரணம் வேறு. செடிகளுக்கு ஊற்றுவதற்காக டிரெயின் பைப்பின் முனையை வாளிக்குள் விட்டிருந்தோம். வாளி நிறைந்து முனை நீரில் மூழ்கியதும், உள்ளே காற்று சிக்கித் தண்ணீர் இறங்காமல் அறைக்குள் திரும்பியது. பைப்பை வாளியின் விளிம்புக்கு மேலே கட்டியதும் நின்றுவிட்டது. மின்சாரத்தை அணைத்துவிட்டு, டிரேயில் ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றி, வெளியே தடையின்றி வருகிறதா என்று பாருங்கள்.

திருநகர்வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. டிரெயின் பைப்பில் அடைப்பு இல்லை. தடித்த குழாயில் விரல் கனத்திற்கு ஐஸ் ஏறியிருந்தது. ப்ளோயரைப் பார்த்தபோது, ஒவ்வோர் இதழின் உட்புறமும் சாம்பல் நிறக் கம்பளி போன்ற அழுக்கால் நிரம்பியிருந்தது. வேறொரு மெக்கானிக்கை அழைத்து ஜெட் சர்வீஸ் (தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுவது) செய்தோம். முதல் வாளித் தண்ணீர் கரிக்குழம்பாகவே வந்தது. இப்போது உள்ளே இழுக்கும் காற்று 30 டிகிரியும், வெளிவரும் காற்று 18 டிகிரியும் காட்டுகின்றன. நான்கு இரவுகளாக ஒரு சொட்டும் விழவில்லை. ஒரே கவலை: சென்ற ஆண்டு தேவையின்றி நிரப்பிய கேஸால் கெடுதல் உண்டா?

கோவை மெக்கானிக்

12 டிகிரி வித்தியாசம் மிக நல்ல அளவு. இப்படி ஓடும் வரை கேஸைத் தொட வேண்டாம். அளவுக்கு மிஞ்சி ஏற்றியிருந்தால் கம்ப்ரசருக்குச் சுமை கூடி, கடும் வெயிலில் தானாக நின்று நின்று ஓடும். அப்படி நேர்ந்தால் மட்டும் கவனியுங்கள். வெளி யூனிட்டில் ஒட்டியுள்ள தகட்டில் எந்த கேஸ், எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கும். இப்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் கம்ப்ரசரின் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் பிரஷர் கேஜை மட்டும் நம்பி நிரப்புவது சரியாக வராது. பின்னாளில் கசிவு உறுதியானால், பழைய கேஸை முழுவதும் எடுத்து, நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரையால் கசிவைக் கண்டு அடைத்து, வாக்கம் போட்டு (குழாய்க்குள் உள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுத்து), எடை மெஷினில் நிறுத்து நிரப்பச் சொல்லுங்கள். அந்தத் தகட்டில் ஆர்-32 என்று இருந்தால், அது தீப்பற்றக் கூடிய வகை; உள்ளே கேஸ் இருக்கும்போது குழாயில் வெல்டிங் வைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.