உதவி: மரப்பட்டையில் கறுப்புப் புள்ளிகள், பெரித்தீசியமா பிக்னிடியமா?

கேட்பவர்: டர்பன் மாணவி

வணக்கம். இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் பெரியம்மா வீட்டு முற்றத்தில் ஊதாப்பூ பூக்கிற திபுச்சினா மரம் ஒன்று நிற்கிறது. அடிமரத்தில் பட்டை வெடித்துக் குழிந்துபோய், அதற்கு மேலே ஒரு கிளை முழுக்கக் காய்ந்துவிட்டது. வெடிப்பைச் சுற்றிக் கடுகைவிடச் சின்னதாகக் கறுப்புப் புள்ளிகள். லென்ஸில் பார்த்தால் வயிறு பருத்து கழுத்து நீண்டு அச்சு அசல் குடுவைதான். சரி, பைப்பூஞ்சைப் பாடத்தில் வரும் பெரித்தீசியம் (ஸ்போர்ப் பைகள் உள்ள குடுவை) மாதிரிக்குக் கிடைத்துவிட்டது என்று ஊசியால் ஒன்றைப் பெயர்த்து ஸ்லைடில் நசுக்கினால், ஆஸ்கஸ் என்ற அந்தப் பை ஒன்றுகூட இல்லை, பொடிப்பொடி ஸ்போர்கள்தான் (வித்துகள்) கொட்டுகின்றன. குடுவை இருந்தும் பை ஏன் இல்லை? இன்னொன்று, இந்தக் குடுவைப் பூஞ்சைகளைப் பழைய பாடப்புத்தகம் பைரினோமைசீட்ஸ் என்கிறது, வகுப்பில் சொர்டாரியோமைசீட்ஸ் என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா?

பதில்: பீனிக்ஸ் தோட்டக்காரர்

முதலில் பட்டையில் துளை இருக்கிறதா பாரும்மா. 2017-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாவரவியல் பூங்காவில் கண்டுபிடித்தார்களே அந்தத் துளைபோடும் வண்டு, அதுவும் இப்படித்தான் கிளையைக் காயவைக்கும். அது ஃபியூசேரியம் பூஞ்சையைத் தன்னோடு கொண்டுவந்து மரத்துக்குள் வளர்த்துச் சாப்பிடுகிறது.

பதில்: டர்பன் மாணவி

துளை எதுவும் இல்லை அங்கிள், நன்றாகத் தேடிவிட்டேன். புள்ளி மட்டும்தான்.

பதில்: பட்டை சுரண்டி

தங்கச்சி, குடுவை என்பது வெறும் வடிவம். பிக்னிடியமும் பல சமயம் அதே வடிவத்தில்தான் இருக்கும், ஆனால் அது பாலிலா நிலை, உள்ளே பை இருக்காது, கொனிடியம் என்ற பாலிலா ஸ்போர் மட்டும் கொட்டும். உனக்குக் கிடைத்தது அதுதான். அதற்காக மாதிரியைத் தூக்கிப் போட்டுவிடாதே, ஒரே பூஞ்சை ஒரே வெடிப்பில் பிக்னிடியம், பெரித்தீசியம் இரண்டையும் வைத்திருக்கலாம். (ஒரு காலத்தில் பாலிலா நிலைக்கு ஒரு பெயர், பால்நிலைக்கு ஒரு பெயர் என்று இரட்டைப் பெயர் வைத்து மாணவர்களை வதைத்தார்கள். 2011 மெல்பர்ன் தாவரவியல் மாநாட்டில்தான் ஒரு பூஞ்சைக்கு ஒரு பெயர் போதும் என்று முடிவானது.)

நம் ஊரில் திபுச்சினாவின் பட்டை இப்படி வெடித்தால் நான் முதலில் சந்தேகப்படுவது கிரைசோபோர்த்தே ஆஸ்ட்ரோஆஃப்ரிகானா என்ற பூஞ்சையை. கம் மரத்தின் (யூகலிப்டஸ்) அடியில் புண் உண்டாக்குவதும், நம் கடலோரத்து உம்டோனி மரத்தில் இருப்பதும் இதுதான். 2004 வரை இதை கிரைஃபோனெக்ட்ரியா கியூபென்சிஸ் என்றுதான் எழுதிக்கொண்டிருந்தார்கள். இதில் பட்டைமேல் கறுப்பாகத் துருத்தி நிற்பது பிக்னிடியம். பெரித்தீசியமோ பட்டைக்குள்ளே ஆரஞ்சு நிறத் திசு நடுவில் புதைந்திருக்கும், வெளியே தெரிவது கறுப்புக் கழுத்து மட்டுமே. ஊசியால் மேலே இருப்பதைப் பெயர்த்தால் எத்தனை தடவை பெயர்த்தாலும் கொனிடியம்தான் வரும். ஆகவே பட்டைத் துண்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு, புது பிளேடால் புள்ளியோடு சேர்த்துச் செங்குத்தாக மெல்லிய சீவல் எடு, ஆரஞ்சுத் திசு வருகிற ஆழம் வரை போ. அங்கே உருண்டையான கறுப்பு அறை தெரிந்தால் அதை மட்டும் தண்ணீர் வைத்து லேசாக அழுத்தி, மைக்ராஸ்கோப்பின் 40 மடங்கு லென்ஸில் பார். ஆஸ்கஸுக்குள் எட்டு ஸ்போர், ஒவ்வொன்றும் நிறமில்லாமல் நடுவில் ஒரு தடுப்போடு இருக்கும். இந்த டயபோர்தேல்ஸ் வரிசையில் ஆஸ்கஸ் முதிர்ந்ததும் அடி கழன்று தனியே மிதக்கும், நுனியில் ஒரு வளையம் பளிச்சென்று தெரியும்.

பெயர்க் குழப்பத்துக்கு வருகிறேன். பைரினோமைசீட்ஸ் என்பது குடுவையாக இருந்ததையெல்லாம் ஒன்றாகக் கட்டிய பழைய மூட்டை. 1951-இல் லட்ரெல் என்ற அமெரிக்கர் குடுவையை விட்டுவிட்டு ஆஸ்கஸின் சுவரைப் பார்க்கச் சொன்னார். ஒற்றைச் சுவர் உள்ளவை ஒரு பக்கம். உள்சுவர் வெளிச்சுவரைப் பிளந்துகொண்டு நீளுகிற இரட்டைச் சுவர்க்காரர்கள் இன்னொரு பக்கம், அவற்றின் குடுவை சூடோதீசியம். அந்த இரண்டாவது கூட்டத்தில் பெரும்பகுதி இப்போது டோதிடியோமைசீட்ஸில் இருக்கிறது, முதல் கூட்டத்தில் பெரும்பகுதி சொர்டாரியோமைசீட்ஸில். இந்த இரண்டு வகுப்புப் பெயர்களையும் 1997-இல் எரிக்சனும் விங்காவும் வைத்தார்கள். ஒன்றேதான் என்று பரீட்சையில் எழுதிவிடாதே, மேலே சொன்ன ஃபியூசேரியமும் சொர்டாரியோமைசீட்ஸில்தான் இருக்கிறது, ஆனால் அதில் பெரும்பாலும் குடுவை கண்ணில் படாது.

பதில்: டொங்காட் கரும்பு

குறுக்கே ஒரு வார்த்தை. கரும்பைக் கொளுத்திய பிறகு கருகிய தட்டையில் ஆரஞ்சுப் பொடி பூக்கும், பார்த்திருப்பீர்கள், அது நியூரோஸ்போரா என்ற பூஞ்சை. அதுவும் இதே சொர்டாரியோமைசீட்ஸ் வகுப்புதான். பொடி கொனிடியம், பெரித்தீசியம் கறுப்பு. பீடிலும் டாட்டமும் 1941-இல் அந்த இனத்தை வைத்து மரபணு ஆராய்ச்சி செய்து 1958-இல் நோபல் வாங்கினார்கள், நாம் தூசி என்று துடைத்துவிட்டுப் போகிறோம்.

பதில்: டர்பன் மாணவி

அண்ணா, சீவல் எடுத்தேன், ஆரஞ்சுத் திசு இருக்கிறது! கறுப்பு அறையும் இருக்கிறது, பைகள் உடைந்து கிடக்கின்றன, ஆனால் தடுப்புள்ள ஸ்போர் தெரிகிறது. உறுதிப்படுத்த வேறு வழி உண்டா?

பதில்: பட்டை சுரண்டி

ஆரஞ்சுத் திசுவில் 3% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விடு, ஊதாவாக மாறும். இன்னொரு துண்டில் லாக்டிக் அமிலம் விட்டால் மஞ்சள். இரண்டும் நடந்தால் கிரைஃபோனெக்ட்ரியேசியே குடும்பம் என்று தைரியமாக எழுதலாம். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள், அந்தப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தோலைப் பொசுக்கும். இனம்வரை போக வேண்டுமென்றால் டிஎன்ஏ பார்க்க வேண்டும், பிரிட்டோரியா பல்கலைக்கழகத்து ஃபாபி நிறுவனத்தில் மர நோய் கிளினிக் இருக்கிறது.

பெரியம்மாவிடம் மருந்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்று சொல். காய்ந்த கிளையை நல்ல மரம் வருகிற இடத்தில் அறுத்து எடுங்கள், ரம்பத்தை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு அடுத்த மரத்தைத் தொடுங்கள். அடிமரத்துப் புண் சுற்றிவளைத்துவிட்டதென்றால் மரம் தேறாது. மாதிரியைக் காகித உறையில் வை, பிளாஸ்டிக் பையில் போட்டால் இரண்டே நாளில் பச்சைப் பூசணம் ஏறிவிடும்.