த்ரஸ்ட் பிளாக்குக்கு 'முட்டுத்திண்டு': என் தரப்பு

நண்பர்களுக்கு வணக்கம்.

மலையில் மண் சரிந்து ஊர்க் குடிநீர்க் குழாய் பிய்த்துக்கொண்டால் அவசரமாகச் சரிசெய்வது எப்படி என்ற கையேட்டுக்குத்தான் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். மற்ற சொற்கள் ஓரளவு முடிந்துவிட்டன. குழாய் வளைவுக்குப் பின்னால் வைக்கும் கான்கிரீட் கட்டியான 'த்ரஸ்ட் பிளாக்' மட்டும் இழுக்கிறது.

> உந்துவிசைத் தடுப்புக் கட்டமைவு என்று வைத்தால் பொருள் முழுவதும் வந்துவிடுகிறதே?

வருகிறது, ஆனால் தப்பான பொருள் வருகிறது. நீளத்தை விடுங்கள். (மழையில் குழிக்குள் நிற்கும் ஃபிட்டர் இதைச் சொல்லி முடிப்பதற்குள் குழி நிரம்பிவிடும்.) என்னை உறுத்துவது அந்தத் 'தடுப்பு'.

குழாய் திரும்பும் இடத்தில் உள்ளே இருக்கும் நீரின் அழுத்தம் அதை வளைவின் வெளிப்பக்கமாகத் தள்ளும். 100 மீட்டர் மேலே உள்ள தொட்டியிலிருந்து இறங்கும் 300 மி.மீ. குழாய், 90 டிகிரி வளைவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறத்தாழ 10 டன் வரும். தண்ணீர் ஓடுகிற வேகம்தான் தள்ளுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். வேகத்தின் பங்கு சொற்பம். வளைவுக்குக் கீழே உள்ள வால்வை மூடித் தண்ணீர் அசையாமல் நின்றாலும் இந்த 10 டன் அப்படியே இருக்கும். ரப்பர் வளையம் போட்டுச் செருகிய சாக்கெட் மூட்டு ஒழுகாமல் காக்குமே தவிர, இழுத்தால் கழன்றுவிடும். அதனால்தான் வளைவின் முதுகில் ஒரு கான்கிரீட் கட்டி.

அந்தக் கட்டி தானாக எதையும் தடுப்பதில்லை. வாங்கிய தள்ளலைப் பின்னால் இருக்கும் கலைக்காத மண்மேல் பரப்பிவிடுகிறது, அவ்வளவுதான். மண் சதுர மீட்டருக்கு 5 டன் தாங்கும் என்றால் கட்டியின் முதுகு 2 சதுர மீட்டர் இருக்க வேண்டும்.

மண்சரிவில் பெரும்பாலும் கட்டி உடைவதில்லை. அதன் பின்னால் இருந்த மண் போய்விடுகிறது. போகாத மண்ணும் ஊறிப்போய்ப் பழைய பலத்தோடு இருக்காது. 2009 நவம்பரில் நீலகிரி கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. கொட்டியதே, அந்த மாதிரி மழைக்குப் பிறகு எந்தச் சரிவை நம்புவது? நான் போயிருந்த ஒரு வேலையில் 'பிளாக் நல்லாத்தான் இருக்கு' என்று குழாயை மட்டும் மாற்றி வால்வைத் திறந்தார்கள். கால் மணி நேரம் தாங்கியது. அப்புறம் பக்கத்து மூட்டு கழன்று, போட்ட மண்ணையும் அடித்துக்கொண்டு போனது. தடுப்பு என்ற பெயர் இருந்தால் எல்லாரும் கட்டியைத்தான் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது அதன் பின்பக்கம்.

ஆகவே 'முட்டு' வேண்டும் என்கிறேன். சுவருக்கோ பந்தலுக்கோ முட்டுக் கொடுப்பவர், கட்டையின் மறுமுனை எங்கே ஊன்றுகிறது என்று பார்க்காமல் கொடுக்க மாட்டார்.

> அப்படியானால் தேருக்குப் போடுகிற முட்டுக்கட்டையே இருக்கிறதே!

அருமையான யோசனை, எனக்கும் ஆசைதான். நேர்வீதியில் வடம் பிடிப்பவர்கள் பாடு, மூலை திரும்பும்போதுதான் முட்டுக்கட்டைக்காரர்களின் திறமை தெரியும். குழாயும் அப்படியே. ஆனால் அந்தச் சொல் இன்று தடங்கலுக்குத்தான் பெயர். 'குடிநீர்க் குழாய்க்கு முட்டுக்கட்டை போடுகிறது நகராட்சி' என்று செய்தி வந்தால் மறுநாள் காலிக் குடங்களோடு சாலை மறியல்தான்.

'முட்டுக்கல்' என்றால் ஒற்றைக் கல்லை உருட்டி வைத்தால் போதும் என்று தோன்றிவிடும். 'வளைவுத்திண்டு' என்று ஒருவர் சொன்னார். குழாய் T போலக் கிளை பிரியும் 'டீ' இடத்திலும் குழாய் முடியும் முனையிலும்கூட இது வேண்டுமே? ஆனால் அந்தத் 'திண்டு' நல்ல பிடி. சின்னப் பாலங்களில் நாம் உட்கார்ந்து கதை பேசும் கட்டைச்சுவரும் திண்டு, சாய்ந்துகொள்ளும் தலையணையும் திண்டு. கட்டுமானம், சாய்தல் இரண்டும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. ஆக, முட்டுத்திண்டு.

இன்னொன்று. கான்கிரீட் ஒரே இரவில் இறுகிவிடாது, ஊரோ தண்ணீருக்குக் காத்திருக்கிறது. அந்த இடைவெளியில் ஸ்லீப்பர் கட்டையும் இரும்பு பீமும் வைத்துச் சரியாத பாறையில் ஊன்றி ஒப்பேற்றுவார்கள். கைமாற்று போலத் திருப்பித் தர வேண்டியது என்பதால் 'கைமுட்டு' என்று எழுதிப் பார்த்து நானே அடித்துவிட்டேன். முழங்கை நினைவுக்கு வருகிறது. கடையில் கேட்டால் குழாயைத் திருப்பும் வளைவுத் துண்டான எல்போவை எடுத்து நீட்டுவார்கள். 'தற்காலிக முட்டு' போதும்.

ஊன்ற இடமே இல்லாவிட்டால்? அப்போது வளைவின் முதுகிலுள்ள மண்ணை நம்பாமல், வளைவுக்கு இரு பக்கமும் சில நீளம் குழாய்களை இரும்புக் கம்பிகளால் ஒன்றோடொன்று முடுக்கிவிடுவார்கள். அதை முட்டு என்று சொல்லக் கூடாது. அது பிணைப்பது. 'பிணைமூட்டு' என்று தனியாகப் பதிந்துகொள்ளலாம்.

கையேட்டில் வாக்கியம் இப்படி வரும்: "முட்டுத்திண்டின் முதுகில் மண் இருக்கிறதா என்று பார்க்கவும். இல்லையென்றால் தற்காலிக முட்டோ பிணைமூட்டோ கொடுத்த பிறகே வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கவும்; ஏர் வால்வில் காற்று முழுவதும் வெளியேறட்டும்."

இதை உங்கள் ஊர் ஃபிட்டர் ஒருவரிடம் வாசித்துக் காட்டி, எங்கே தடுக்கிறது என்று எழுதுங்கள். குழாயின் தாழ்ந்த இடத்தில் வண்டலை வெளியேற்றும் 'ஸ்கவர் வால்வு'க்கு என்ன பெயர் என்ற சண்டையை அப்புறம் வைத்துக்கொள்வோம்.