ஓசிப் பயணிகள் யார்? (ஆய்வாளர்களின் பொது டிஜிட்டல் கட்டமைப்பு பற்றி ஒரு சண்டை)

ஏட்டுப்பூச்சி:
நேற்று வேறொரு இழையில் துகள்வேட்டை போகிற போக்கில் எழுதியது: "ஆய்வுக்கான பொது டிஜிட்டல் கட்டமைப்பு முழுக்க அறிவியல்காரர்கள் போட்ட சாலை. மானுடவியல்காரர்கள் அதில் ஓசிப் பயணிகள்." படித்ததிலிருந்து தூக்கம் இல்லை. ஒரே ஒரு தேதி சொல்கிறேன். பழைய நூல்களையும் கையெழுத்துப் படிகளையும் எந்தக் கணினியிலும் திறக்கும்படி குறியிட ஒரு பொது இலக்கணம் வேண்டும் என்று இலக்கியம், மொழியியல், வரலாற்று ஆட்கள் கூடி டிஇஐ-யை (Text Encoding Initiative, உரைக் குறியீட்டு முயற்சி) தொடங்கியது 1987 நவம்பர். டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் என்ற ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் உலகளாவிய வலைக்கான (வெப்) முன்மொழிவை எழுதியது 1989 மார்ச். கழித்தல் தெரிந்தவர்கள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

துகள்வேட்டை:
வந்துட்டாரய்யா. 1987இல் நடந்தது ஒரு கூட்டம். கூட்டம் போட்டால் சாலை வந்துவிடுமா? டிஇஐ-யின் முழு வழிகாட்டி வந்தது 1994. அதற்கு முந்தைய ஆண்டே, 1993 ஏப்ரல் 30 அன்று, வலையை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்று செர்ன் பொதுவில் விட்டுவிட்டது.

ஏட்டுப்பூச்சி:
1989இல் மட்டும் என்ன நடந்ததாம்? ஒரு தாள். அதன் தலைமாட்டில் அவருடைய மேலாளரே 'தெளிவில்லை, ஆனால் ஆர்வமூட்டுகிறது' என்கிற மாதிரி எழுதிவைத்தார். உங்கள் தாளுக்கு ஒரு நியாயம், எங்கள் கூட்டத்துக்கு ஒரு நியாயமா? 1987.

சும்மாவந்தவர்:
ஒரு சந்தேகம். 'கட்டமைப்பு' என்று எதைச் சொல்கிறீர்கள்? சர்வரையா, தரநிலைகளையா, தரவுக் களஞ்சியத்தையா? அதை முடிவு செய்துகொண்டால் ஆண்டுச் சண்டையே தேவைப்படாதே.

துகள்வேட்டை:
ஆண்டுதானே வேண்டும்? புரத அமைப்புத் தரவு வங்கி, 1971. ஏழே ஏழு அமைப்புகளோடு ஆரம்பித்து இன்று இரண்டு லட்சத்தைத் தாண்டி நிற்கிறது. ஊருக்கெல்லாம் பொது. புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு ஆல்ஃபாஃபோல்டு பாடம் படித்ததே அங்கேதான், 2024இல் வேதியியல் நோபலும் வந்தது. 1971 பெரிதா, 1987 பெரிதா, தம்பி?

ஏட்டுப்பூச்சி:
முதலில், யாருக்கு யார் தம்பி? நான் பழைய கணினிகளுக்குத் தரவு ஊட்டிய துளையட்டையைக் கையில் தொட்டவன். இரண்டாவது, புரதம் எப்போதிலிருந்து உங்கள் துகள் ஆனது? அடுத்தவன் நிலத்துக்குப் பட்டா காட்டுகிறீர்கள். மூன்றாவது, 1971 என்றால் நான் 1949 என்பேன். ரோபெர்தோ பூசா என்ற பாதிரியார் இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸின் ஒவ்வொரு சொல்லுக்கும் அடைவு போட இயந்திரம் வேண்டும் என்று ஐபிஎம் தலைவர் வாட்சனிடம் போய் நின்ற ஆண்டு.

துகள்வேட்டை:
ஒரு பாதிரியார், ஒரு கம்பெனி. இதில் 'பொது' எங்கே இருக்கிறது? 1994.

சொல்லாய்வன்:
இருவருக்கும் ஒன்று. 'மானுடவியல்' என்றால் ஆந்த்ரோபாலஜி. இலக்கியம், வரலாறு, மெய்யியல் எல்லாம் சேர்ந்தது 'மானுடப்புலம்'. ஆரம்பத்திலிருந்தே தவறான துறைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

துகள்வேட்டை:
தங்கள் துறைக்கு என்ன பெயர் என்றே முடிவாகவில்லையாம். சாலை போட்டார்களாம்.

ஏட்டுப்பூச்சி:
அந்தத் தவறான சொல்லை எழுதியதே நீங்கள்! நான் மேற்கோள்தான் காட்டினேன். சொல்லாய்வன், உங்கள் திருத்தத்தைச் சரியான ஆளிடம் கொண்டு போங்கள். போன வருடம் யூனிகோடு இழையிலும் இப்படித்தான் என் தலையில் கட்டினீர்கள், மறக்கவில்லை.

சொல்லாய்வன்:
யூனிகோடு இழையில் தவறு உங்களுடையதுதான்.

சர்வர்காவலன்:
இரண்டு தரப்புக்கும் சர்வர் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். ஒரு கையெழுத்துப் படித் திட்டத்துக்கு அழகான தேடல் தளம் செய்தார்கள். நிதி மூன்று வருடம். நான்காம் வருடம் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதி. கடவுச்சொல் தெரிந்த ஒரே ஆய்வு மாணவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். தேடல் பெட்டி இருக்கும், எதைத் தட்டினாலும் வெள்ளைத் திரை. கடைசியில் மிஞ்சியது ஒரு கோப்புறை நிறைய டிஇஐ கோப்புகள். சாதாரண நோட்பேடில் திறந்தேன், அத்தனையும் இருந்தது. ஓர் எழுத்து பூச்சி அரித்துப் போயிருந்தால் அந்த இடத்திலேயே 'சிதைவு' என்று குறி, அதை ஊகித்து நிரப்பியவர் யார், எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்பது உட்பட. தளம் செத்தது, உரை பிழைத்தது. இதைப் பற்றிப் பேசலாமே?

துகள்வேட்டை:
அதைத்தான் நானும் சொல்கிறேன்! திட்டம் முடிந்தால் சர்வர் சாகும். அதற்குத்தான் 2013இல் ஜெனோடோ என்ற பொதுக் களஞ்சியம். செர்னின் தரவு மையத்தில் உட்கார்ந்திருக்கிறது. எந்தத் துறைக்காரரும் கோப்பை ஏற்றலாம், நிரந்தர அடையாள எண் கிடைக்கும். உங்கள் ஆட்களின் கவிதைப் பதிப்புகளும் அங்கே கிடக்கின்றன. வாடகை கேட்டோமா?

ஏட்டுப்பூச்சி:
ஜெனோடோ! நீங்களே வாயைக் கொடுத்தீர்கள். அந்தப் பெயர் யாருடையது தெரியுமா? ஜெனோடோடஸ். அலெக்சாந்திரியா நூலகத்தின் முதல் நூலகர், ஹோமரைப் பதிப்பித்தவர். களஞ்சியம் கட்டிவிட்டுப் பெயருக்கு எங்கள் ஆளிடம் வந்து நின்றீர்கள். இதில் வாடகையாம். செர்ன் நடப்பது உறுப்பு நாடுகளின் வரிப்பணத்தில். அதில் கவிதை படிப்பவனின் வரியும் உண்டு.

இன்னொன்று. தரவைக் குறியிட்டு எழுதும் எக்ஸ்எம்எல் என்ற, 1998இல் வந்த தரநிலையின் பதிப்பாசிரியர்களில் ஒருவர் ஸ்பெர்பெர்க்-மெக்வீன், டிஇஐ-யின் பதிப்பாசிரியராக இருந்தவர். உங்கள் கருவி உமிழும் தரவுக் கோப்புகளில் எத்தனை எக்ஸ்எம்எல் என்று எண்ணிவிட்டு வாருங்கள். நாங்கள் அரித்துப் போன எழுத்துக்கும் கணக்கு வைக்கிறோம். உங்கள் மரபணுப் பட்டியலை எக்செலில் திறந்தால் மார்ச்1, செப்ட்2 என்ற மரபணுப் பெயர்கள் எல்லாம் தேதியாக மாறிவிடும். கடைசியில் 2020இல் மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள்.

துகள்வேட்டை:
மரபணு என் துறை இல்லை.

ஏட்டுப்பூச்சி:
நோபல் வந்தபோது புரதம் உங்கள் துறை. எக்செல் கடித்தால் மரபணு உங்கள் துறை இல்லை. நல்லது.

சர்வர்காவலன்:
அந்தத் தேடல் தளத்தை ஐந்தாம் வருடம் யார் பார்த்துக்கொள்வது என்று ஒருவரும் கேட்கவில்லை, கவனித்தீர்களா?

துகள்வேட்டை:
பேச்சை மாற்றாதீர்கள். டிஇஐ வழிகாட்டி 1994. வலை அதற்கு முன். முடிந்தது.

ஏட்டுப்பூச்சி:
முடியவில்லை. டிஇஐ-யின் முதல் வரைவு 1990. உங்கள் வலை வெளியாட்களுக்குத் திறந்தது 1991. இதற்கும் கழித்தல் வேண்டுமா?

துகள்வேட்டை:
வரைவு! இத்தனை நேரம் கூட்டம், இப்போது வரைவு. 1990 முடிவதற்குள் செர்னில் சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் வரைவு எந்த மாதம்? மாதத்தைச் சொல்லுங்கள்.

ஏட்டுப்பூச்சி:
முதலில் அந்தத் 'தம்பி'யைத் திரும்பப் பெறுங்கள். மாதம் அப்புறம்.