மூடிய பையில் வைத்த மாம்பழத்தில் சாராய நெடி: பையின் குற்றமா, பழத்தின் குற்றமா?

கேள்வி:
முற்றிய மாங்காய்களில் ஒரு பாதியை அட்டைப்பெட்டியில் அப்படியே அடுக்கினேன். மறுபாதியைப் பாலித்தீன் பைகளில் இட்டு, வாயைச் சூடுவைத்து ஒட்டி, அதே அறையில் வைத்தேன். அறையின் வெப்பநிலை 28 டிகிரி செல்சியஸ். ஒன்பதாம் நாள் பார்த்தபோது, பெட்டியில் இருந்தவை தோல் சற்றுச் சுருங்கினாலும் நன்றாகப் பழுத்திருந்தன. பையில் இருந்தவையோ பச்சை மாறாமல் பளபளப்பாக இருந்தன. ஆனால் அறுத்ததும் சாராய நெடி அடித்தது. பையின் உட்புறம் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. காம்பைச் சுற்றிக் கரும்புள்ளிகளும் தென்பட்டன. எங்கே தவறினேன்?

பதில் 1:
பறித்த பின்னும் பழம் சுவாசித்துக்கொண்டுதான் இருக்கிறது. காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடாக இருக்கும் ஆக்சிஜன், பைக்குள் 3 முதல் 5 விழுக்காடு வரை இறங்கினால், சுவாசம் மந்தமாகி, பழத்தைப் பழுக்கவைக்கும் வாயுவான எத்திலீனின் வேகமும் தணிந்து, பழுப்பது தள்ளிப்போகும். உங்கள் பழங்கள் பச்சையாக நின்றதற்கு அதுவே காரணம். அதற்கும் கீழே போய்விட்டால் சதை மூச்சுத் திணறி நொதிக்கத் தொடங்கும், எத்தனால் என்னும் சாராயம் சேரும். நெடி அதைத்தான் சொல்கிறது. சுருக்கம் விழாதது பை ஈரத்தைக் காத்ததனால். அந்த அளவில் பை தன் வேலையைச் செய்திருக்கிறது.

கேட்டவர்:
நன்றி ஐயா. அப்படியானால் பையில் துளையிட்டால் போதுமா? எத்திலீனை உறிஞ்சும் பொட்டலம் வைத்தால் பயன் உண்டா?

பதில் 2:
துளை உதவும், ஆனால் வெப்பநிலையைச் சரிசெய்யாமல் துளையை மட்டும் நம்பாதீர்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் பழத்தின் சுவாசம் இரண்டு மூன்று மடங்காகும். பாலித்தீன் வழியே ஆக்சிஜன் புகும் அளவு அதற்கு ஈடாகக் கூடுவதில்லை. எனவே 13 டிகிரியில் பொருந்துகிற அதே பை, 28 டிகிரியில் பழத்தின் கழுத்தை நெரிக்கும். அதற்காகச் சாதாரணக் குளிர்பெட்டியின் 4 டிகிரியில் வைத்துவிடாதீர்கள். மாங்காய்க்குக் குளிர் தாக்கி, தோலில் குழி விழும், பிறகு வெளியே எடுத்தாலும் சீராகப் பழுக்காது. (வாழைக்கும் இதே கதைதான், தோல் கறுத்துப்போகும்.)

பொட்டாசியம் பெர்மாங்கனேட் பொட்டலம் எத்திலீனைக் குறைக்கும்; ஊதா நிறம் பழுப்பாக மாறினால் அதன் ஆற்றல் தீர்ந்தது என்று பொருள். மூச்சுத் திணறலுக்கு அது மருந்தல்ல. கரும்புள்ளி ஆந்த்ராக்னோஸ் என்னும் பூஞ்சை நோயாக இருக்கலாம். அது மரத்திலேயே தொற்றி, பழத்தில் ஒளிந்திருந்து, பையின் ஈரத்தில் தலைதூக்கும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே பழத்தைப் பையிலிட்டால்தான் இத்தனை நீர் கோக்கும். முதலில் குளிரவையுங்கள், பிறகு பையிலிடுங்கள்.

கேட்டவர்:
வெயிலிலிருந்து எடுத்து வந்த கையோடு ஒட்டினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அடுத்த முறை ஓர் இரவு 13 டிகிரியில் ஆறவிட்டு, துளையிட்ட பையில் ஒரு பங்கும், ஒட்டிய பையில் ஒரு பங்குமாக வைத்து, மூன்று நாளுக்கு ஒரு பழத்தை அறுத்து முகர்ந்து பார்த்து இங்கேயே எழுதுகிறேன்.