சிக்யூ உலகப் போட்டி: ராமநாதபுரம் கடற்கரையில் எந்தப் பக்கம் நிலையம் அமைப்பது?

கேள்வி: கீழக்கரைப் புதுக்குரல்

அனைவருக்கும் வணக்கம். ரெஸ்டிரிக்டட் நிலை ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) உரிமம் என் கைக்கு வந்து ஓராண்டு ஆகிறது. அக்டோபர் மாதத்தின் கடைசி முழு வாரயிறுதியில் நடைபெறும் சிக்யூ வேர்ல்ட் வைடு போட்டியின் (பல நாட்டு ஹாம் நிலையங்களோடு முடிந்த அளவு அதிகமாகத் தொடர்புகொண்டு புள்ளி சேர்க்கும் போட்டி) எஸ்எஸ்பி, அதாவது குரல்வழிப் பகுதியில் இந்த முறை தனி ஆளாகக் கலந்துகொள்ள எண்ணியிருக்கிறேன். என்னிடம் 100 வாட் தரக்கூடிய டிரான்ஸீவர் (அனுப்பவும் கேட்கவும் உதவும் ரேடியோ) இருக்கிறது. உரிமப்படி அதை 50 வாட்டுக்குக் குறைத்தே இயக்குகிறேன். கீழக்கரை வீட்டு மாடியில் இடமும் இல்லை, சுற்றியுள்ள இன்வெர்ட்டர்களின் இரைச்சலும் தாங்க முடியவில்லை. ஆகவே வெளியே எங்காவது சென்று இயக்குவது என்று முடிவு செய்துவிட்டேன்.

எனக்கு இரண்டு இடங்கள் கிடைக்கும். ஒன்று, ஏர்வாடிக்கு அருகில் மன்னார் வளைகுடாவைப் பார்த்தபடி இருக்கும் உறவினரின் தென்னந்தோப்பு. தெற்கே கண்ணுக்கெட்டிய தூரம் கடல் என்பதால் வானலைக்கு இதைவிட நல்ல இடம் இருக்காது என்று நினைக்கிறேன். மற்றொன்று, ராமேஸ்வரம் தீவின் வடகரையில் ஓலைக்குடாவில் நண்பர் ஒருவரின் வீட்டை ஒட்டிய காலி மனை. ஏர்வாடிதான் சரி என்று என் மனம் சொல்கிறது. அனுபவம் உள்ளவர்களின் கருத்து என்ன?

இன்னும் இரண்டு ஐயங்கள் உண்டு. 50 வாட் போதுமா, ஒரு பவர் ஆம்ப்ளிஃபையர் வாங்க வேண்டுமா? போட்டி நேரத்தில் எந்த நாட்டு நிலையம் எந்த அலைவரிசையில் கேட்கிறது என்று நண்பர்கள் வாட்ஸ்அப்பில் எனக்குச் சொல்வதும், என் அலைவரிசையை அவர்கள் இணையத்தில் போட்டுவிடுவதும் விதிகளுக்கு உட்பட்டவையா?

பதில்: மண்டபம் வெர்டிகல்

தம்பி, ஏர்வாடி வேண்டாம், ஓலைக்குடாவுக்குப் போங்கள். கடல் எவ்வளவு பெரியது என்பதை விட, நமக்குப் புள்ளி தரும் நிலையங்கள் எந்தத் திசையில் இருக்கின்றன என்பதுதான் முக்கியம்.

முதலில் புள்ளிக் கணக்கைப் பாருங்கள். இந்தப் போட்டியில் வேறு கண்டத்து நிலையத்தோடு பேசினால் 3 புள்ளிகள், நம் கண்டத்திலேயே வேறு நாட்டோடு பேசினால் 1 புள்ளி, நம் நாட்டுக்குள்ளேயே பேசினால் புள்ளியே கிடையாது. மல்டிப்ளையர் கணக்குக்கு மட்டும் அது உதவும். ஒவ்வொரு பேண்டிலும் (அலைவரிசைத் தொகுப்பிலும்) முதன்முறையாகப் பிடிக்கும் ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு சிக்யூ மண்டலமும் (உலகைப் பிரித்து எண்ணிட்ட பகுதி) ஒரு மல்டிப்ளையர். எல்லாப் புள்ளிகளின் கூட்டுத்தொகையை எல்லா மல்டிப்ளையர்களின் கூட்டுத்தொகையால் பெருக்கி வருவதே இறுதி எண்ணிக்கை. ஜப்பான் நிலையங்கள் நமக்கு மிக எளிதாகக் கிடைக்கும், ஆனால் அவை ஆசியாவில் இருப்பதால் ஒன்றுக்கு 1 புள்ளிதான். ஐரோப்பாவில் போட்டியில் இறங்கும் நிலையங்களுக்குக் குறைவே இல்லை, ஒவ்வொன்றும் 3 புள்ளிகள். குட்டி குட்டி நாடுகள் அடுத்தடுத்து இருப்பதால் மல்டிப்ளையரும் அங்கேதான் குவியும்.

இனி வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ராமேஸ்வரத்திலிருந்து லண்டனுக்குச் செல்லும் நேர்பாதை, வடக்கிலிருந்து வலச்சுற்றாக அளந்தால், ஏறத்தாழ 321 பாகையில் இருக்கிறது. ரோம் 312, மாஸ்கோ 333. நியூயார்க் கூட 336 பாகைதான், அதாவது ஐரோப்பாவும் அமெரிக்கக் கிழக்குக் கரையும் நமக்கு ஒரே வடமேற்குச் சாளரத்தில் அமைகின்றன. ஏர்வாடிக் கரையில் நின்று அந்தத் திசையைப் பார்த்தால் உங்கள் முன்னே இருப்பது உப்பளமும் கருவேலங்காடும் அதற்கப்பால் முழு மாவட்டமும்தான். கடல் உங்கள் முதுகுக்குப் பின்னால் கிடக்கும். ஓலைக்குடாவிலிருந்து அதே திசையில் கோடு போட்டால் பாக் விரிகுடாவின் மேலேயே ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாமல் சென்று தொண்டிப் பக்கம் கரையேறும்.

இது எதற்காக என்றால், நேராக நிறுத்திய வெர்டிகல் ஆண்டெனாவுக்கு எதிரே உப்பு நீர் இருந்தால், அடிவானத்தை ஒட்டிய தாழ்ந்த கோணத்தில் போகும் சக்தி தரையில் வீணாவதில்லை. உப்பு நீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். வறண்ட மணலும் செம்மண்ணும் அப்படிக் கடத்தாது. தொலைநாட்டுத் தொடர்புக்கு வேண்டியதே இந்தத் தாழ்ந்த கோணம். ஆனால் ஆண்டெனா நீரோரத்திலிருந்து ஓர் அலைநீளத்துக்குள், அதாவது 20 மீட்டர் பேண்டில் சுமார் இருபது மீட்டர் தூரத்துக்குள், நின்றால்தான் முழுப் பயன் கிடைக்கும். வீட்டுக்குப் பின்புறம் நூறு, இருநூறு மீட்டர் தள்ளி நிறுத்திவிட்டுக் கடற்கரை நிலையம் என்று சொல்லிக்கொள்வதில் பொருளில்லை. பாக் விரிகுடாவில் நீர் வற்றிப் பின்வாங்கும் வேளையிலும் கவலை வேண்டாம், ஈரமான உப்புச் சேறும் நன்றாகவே வேலை செய்யும்.

ஆண்டெனாவுக்குப் பெரிய செலவு தேவையில்லை. 20 மீட்டருக்கு ஏறத்தாழ 5 மீட்டர் கம்பி, 15 மீட்டருக்கு 3.36 மீட்டர், 10 மீட்டருக்கு 2.5 மீட்டர், ஒவ்வொன்றையும் ஒரு மூங்கில் கழியில் நேராகக் கட்டி, அடியில் அதே நீளத்தில் இரண்டு ரேடியல்களை (கிடைமட்டக் கம்பிகளை) இடுப்பளவு உயரத்தில் எதிரெதிராக இழுத்துவிடுங்கள். வலைக்கடையில் கிடைக்கும் நைலான் கயிறே இழுகயிற்றுக்குப் போதும். பனைமரத்தில் டைபோல் (நடுவில் கேபிள் இணைத்த கிடைமட்டக் கம்பி ஆண்டெனா) கட்டலாமே என்று சிலர் சொல்வார்கள். 40 மீட்டர் பேண்டுக்கான டைபோலைப் பத்து மீட்டர் உயரத்தில் கட்டினால் அது பெரும்பாலும் வானத்தை நோக்கியே வீசும். சென்னையும் பெங்களூரும் அருமையாகக் கேட்கும், அந்தத் தொடர்புகளுக்கோ புள்ளி கிடையாது.

பதில்: வாலிநோக்கம் பழையவர்

மண்டபத்து அண்ணன் சொன்ன திசைக் கணக்கு சரியானது. ஆனால் மன்னார் வளைகுடாவை அவர் ஒரேயடியாக ஒதுக்கிவிட்டார், அதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஹாம் கணக்கில் இந்தோனேசியாவும் பிலிப்பைன்ஸும் ஆசியா அல்ல, ஓசியானியா. இந்தோனேசிய நிலையங்கள் போட்டிகளில் கூட்டம் கூட்டமாக வருகின்றன, ஒவ்வொன்றும் 3 புள்ளிகள், 50 வாட்டுக்குக் கைக்கெட்டும் தூரம். ஜகார்த்தாவும் ஆஸ்திரேலியாவும் நமக்குத் தென்கிழக்கே இருக்கின்றன. தென்னமெரிக்காவின் சாவோ பாவ்லோ மேற்கு தென்மேற்கில், சுமார் 248 பாகையில் இருக்கிறது. ஆப்பிரிக்காவின் மல்டிப்ளையர்கள் பலவும் அந்தப் பக்கம்தான். வடகரையில் நிறுத்திய வெர்டிகலுக்கு இந்தத் திசைகளில் எல்லாம் தீவின் மணல்தான் முன்னிற்கும்.

அதற்கும் மேலாக, அக்டோபர் கடைசியில் வாடை தொடங்கிவிடும் என்பதை மறக்க வேண்டாம். வாடைக்காற்று வீசும்போது பாக் விரிகுடா கொந்தளிக்கும், மன்னார் வளைகுடா அமைதியாக இருக்கும். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் இது தலைகீழாக மாறும். இது நம் கடற்கரையில் சிறு பிள்ளைக்கும் தெரிந்த செய்தி. ஓலைக்குடாவில் நீரோரத்தில் கழி நட்டால் வடகிழக்குக் காற்று முகத்தில் அறையும், அலை ரேடியல் வரைக்கும் ஏறி வரும். இழுகயிற்றை மணலில் அடித்த முளையில் கட்டினால் ஒரே இரவில் பிடுங்கிக்கொள்ளும். மணல் நிரப்பிய சாக்கை ஆழமாகப் புதைத்து அதில் கட்டுங்கள். இடி மின்னல் தெரிந்தால் ஆண்டெனாவிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். புள்ளி போனால் அடுத்த ஆண்டு எடுத்துக்கொள்ளலாம்.

ஓலைக்குடாவா ஏர்வாடியா என்று மட்டும் கேட்டால், ஓலைக்குடா என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் 20 மீட்டருக்கும் 15 மீட்டருக்கும் வெர்டிகலைக் கரையில் நிறுத்திவிட்டு, காலை நேரத்து 10 மீட்டர் பேண்டுக்குத் தென்கிழக்கு நோக்கி இரு கூறுகள் கொண்ட ஒரு சிறு கம்பி பீம் (ஒரே திசையில் வீசும் ஆண்டெனா) கட்டி வைத்தால் இந்தோனேசியாவும் கை நழுவாது.

மீண்டும் கீழக்கரைப் புதுக்குரல்

இருவருக்கும் நன்றி. இந்தோனேசியா ஓசியானியாவில் சேரும் என்பது எனக்குப் புதிய செய்தி. ஓலைக்குடா என்றே முடிவு செய்கிறேன். பவர் பற்றியும் விதிகள் பற்றியும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: லாக் சரிபார்ப்பவர்

ஆம்ப்ளிஃபையரை மறந்துவிடுங்கள். ரெஸ்டிரிக்டட் உரிமத்துக்கு 50 வாட், ஜெனரல் உரிமத்துக்கு 400 வாட் என்பது நம் நாட்டு வரம்பு, போட்டியின் பிரிவுகள் அந்த வரம்பைத் தளர்த்தாது. 100 வாட் வரையிலான லோ பவர் பிரிவில்தான் நீங்கள் வருகிறீர்கள். அங்கே உங்களைவிட இரு மடங்கு பவர் உள்ளவருக்கும் உங்களுக்கும் உள்ள வேறுபாடு 3 டெசிபெல், எஸ் மீட்டரில் (சிக்னல் வலிமை காட்டும் அளவி) அரை அளவு. நீரோரத்து வெர்டிகல் அதைவிட அதிகமாகவே ஈடு செய்யும். உரிமம் பெற்று மூன்றாண்டுகள் நிறையாதவர்களுக்கான ரூக்கி என்ற துணைப் பிரிவும் உண்டு. லாக் (தொடர்புப் பதிவேடு) அனுப்பும்போது அதைக் குறிப்பிடத் தவறாதீர்கள். உலகின் பெரிய நிலையங்களோடு மட்டும் ஒப்பிடப்படாமல் உங்களைப் போன்ற புதியவர்களோடும் வரிசைப்படுத்தப்படுவீர்கள்.

வாட்ஸ்அப் கேள்விக்கு இரண்டு விடைகள். யார் எங்கே கேட்கிறார் என்று பிறர் சொல்லித் தெரிந்துகொள்வது உதவி பெறுவதாகும். தனி ஆள் பிரிவில் நிலையங்களைத் தேடுவது, பேசுவது, லாக் எழுதுவது ஆகிய மூன்றும் ஒரே ஆளின் வேலை. டிஎக்ஸ் கிளஸ்டரை (யார் எந்த அலைவரிசையில் கேட்கிறார் என்று காட்டும் இணையப் பட்டியல்) திறந்து வைத்தாலே நீங்கள் அசிஸ்டட் (உதவி பெறும்) பிரிவுக்குப் போய்விடுவீர்கள். அந்தப் பிரிவில் போட்டியிடுவதில் தவறேதும் இல்லை, அப்படி அறிவித்துவிட்டால் போதும். ஆனால் உங்கள் அலைவரிசையை நீங்களே இணையத்தில் போடுவதும், போடும்படி நண்பரைக் கேட்டுக்கொள்வதும் எல்லாப் பிரிவுகளிலும் தடை செய்யப்பட்டவை. நண்பர்கள் நல்லெண்ணத்தில் செய்தாலும் உங்கள் பெயர்தான் கெடும். போட்டிக்கு முன்பே குழுவில் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு தொடர்பிலும் சொல்ல வேண்டிய பரிமாற்றம் மிக எளிது: ஃபைவ் நைன் (சிக்னல் நன்றாகக் கேட்கிறது என்ற குறி), அதன்பின் நம் மண்டல எண் 22. இலங்கையும் அதே 22தான், எதிரே வருபவர் சொல்லும் எண்ணைக் கேட்காமலேயே லாகில் இட்டு நிரப்பும் பழக்கம் வர வேண்டாம். கால்சைனில் (நிலையத்தின் அழைப்புக் குறியில்) ஓர் எழுத்து தவறினாலும் அந்தத் தொடர்பு நீக்கப்படும், மேலும் அபராதமும் கழிக்கப்படும். ஐயம் இருந்தால் இன்னொரு முறை கேளுங்கள். அதற்கு ஆகும் இரண்டு வினாடி அபராதத்தைவிட மலிவு. போட்டி முடிந்தபின் இணையத்தைப் பார்த்தோ ஒலிப்பதிவைக் கேட்டோ கால்சைன்களைத் திருத்துவதும் விதிமீறல்தான். ஒரே நிலையம் ஒரே பேண்டில் மீண்டும் அழைத்தால், ஏற்கெனவே பேசிவிட்டோம் என்று வாதாடாமல் மறுபடி எண் கொடுத்துவிடுங்கள். இரட்டைத் தொடர்புக்கு அபராதம் இல்லை, அவருடைய லாகில் நீங்கள் இல்லாமல் இருக்கலாம்.

நேரம் நம் கணக்கில் சனிக்கிழமை காலை 5.30 முதல் திங்கள் காலை 5.30 வரை. லாகை கேப்ரிலோ என்ற கோப்பு வடிவில் ஐந்து நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் என்ஒன்எம்எம் மென்பொருள் அந்த வடிவத்தைத் தானே உருவாக்கித் தரும். அதில் கணினிக் கடிகாரத்தை உலகப் பொது நேரத்துக்குச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். 14.300 மெகாஹெர்ட்ஸ் அவசரத் தொடர்புக்கான அலைவரிசை. புயல் காலத்தில் நம் கடற்கரைக்கே அது தேவைப்படக்கூடும், எவ்வளவு நெரிசலாக இருந்தாலும் அதன் மேல் ஏறி அழைக்காதீர்கள்.

பதில்: மண்டபம் வெர்டிகல்

பழையவர் சொன்ன இந்தோனேசியாக் கணக்கை ஏற்கிறேன், சிறு பீம் நல்ல யோசனை.

இன்னும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். கேபிள் முனையில் உள்ள பிஎல் 259 கனெக்டரை வெறுமனே திருகிவிட்டுப் போனால் உப்புக்காற்று சில நாட்களிலேயே உள்ளே பச்சை பூத்துவிடும். தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவைக் கீழிருந்து மேலாக, ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி சுற்றுங்கள், அப்போதுதான் மழைநீர் மடிப்புக்குள் இறங்காமல் வழிந்தோடும். மனைக்கு அருகில் இறால் பண்ணையோ ஐஸ் கம்பெனியோ இருக்கிறதா என்று முன்னதாகவே ஓர் இரவு பேட்டரியில் ரேடியோவை இயக்கிக் கேட்டுப் பாருங்கள், வெர்டிகல் ஆண்டெனா அக்கம்பக்கத்து மோட்டார் இரைச்சலை டைபோலைவிட அதிகமாக வாரி எடுக்கும்.

உங்கள் உரிமம் எந்த முகவரிக்கு வழங்கப்பட்டிருக்கிறது, வேறிடத்தில் இயக்க அதில் என்ன நிபந்தனை இருக்கிறது என்பதை முதலில் படித்து, தேவையான அனுமதியை இப்போதே எழுதிக் கேளுங்கள். ராமேஸ்வரம் எல்லையோரத் தீவு. இரவில் கடற்கரையில் கம்பி கட்டி வெளிநாட்டோடு பேசும் ஒருவரைப் பார்த்தால் யாராவது புகார் சொல்லத்தான் செய்வார்கள். எனவே காவல் நிலையத்திலும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்திலும் நாள், நேரம், இடம் ஆகியவற்றைக் குறிப்பிட்டுக் கடிதம் கொடுத்து, அதன் நகலில் முத்திரை வாங்கி, உரிமத்தின் அசலோடு ரேடியோ மேசையிலேயே வைத்திருங்கள்.