புதுப்பிப்பு: ஏட்ரியன் மோல் டைரிக்கு அடுத்த பாகம் எது என்று தெரிந்துவிட்டது

ஒரு பதின்ம வயதுப் பையனின் டைரி வடிவில் ஆங்கில எழுத்தாளர் சூ டவுன்சென்ட் எழுதிய நகைச்சுவை நாவல் ஏட்ரியன் மோல் டைரி. அதை முடித்துவிட்டு, அடுத்து எதைப் படிப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

டைரியின் தேதிகளைப் பாருங்கள் என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. முதல் புத்தகம் 1981 புத்தாண்டில் தொடங்கி 1982 ஏப்ரலில் முடிகிறது. 'தி குரோயிங் பெயின்ஸ் ஆஃப் ஏட்ரியன் மோல்' அந்த ஏப்ரலிலேயே தொடர்கிறது. 1984இல் வந்த இதுதான் இரண்டாம் பாகம். அப்புறம், மூன்றாவது பாகம் 1989இல் வந்தது. தனித்தனியாகக் கிடைக்காவிட்டால் 'ஃப்ரம் மைனர் டு மேஜர்' தொகுப்பை வாங்குங்கள், மூன்றும் அதில் உண்டு.

நான் எதிர்பார்க்காதது, 1982இல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்து தீவுப் போர். ஓரிடத்தில், வரைபடத்தில் அந்தத் தீவுகளையே காணோம் என்று தேடுவார்கள். ஒரு கேக் துணுக்கு அவற்றை மறைத்திருக்கும். இரண்டாம் பாகம் அந்தப் போருக்கு நடுவே ஆரம்பிக்கிறது. பாண்டோரா என்ற பெண்ணை நினைத்து உருகும் பையனின் வீட்டுக்குள் நாட்டு நடப்பு இவ்வளவு இயல்பாக நுழைவது எனக்கு ரொம்பப் பிடித்தது. சிரிப்பும் குறையவில்லை.

வரிசை மாற்றிப் படிக்காதீர்கள். ஏட்ரியனின் தங்கை ரோஸி பிறப்பது இரண்டாம் பாகத்தில்தான்.