மறு: ‘கார்டு செக்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம். வாக்கெடுப்பு வைக்காமல், தொழிலாளர்கள் ஒப்பமிட்ட சீட்டுகளை வைத்தே ஒரு சங்கத்தை ஏற்பதை ஆங்கிலத்தில் ‘கார்டு செக்’ என்கிறார்கள். நம் கலைச்சொல் அகராதியில் அதற்கு என்ன தமிழ்ச் சொல் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

கேரளத்தில் மூணாறுக்குப் பக்கத்தில் இருக்கும் தேவிகுளத்திலிருந்து எழுதுகிறேன். தோட்டத் தொழிலாளர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதும், தொழிலாளர் துறையிலிருந்து வரும் ஆங்கில, மலையாளக் கடிதங்களைத் தமிழில் படித்துச் சொல்வதும்தான் என் அன்றாட வேலை. நாம் எந்தச் சொல்லை முடிவு செய்தாலும் கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும் ஒரு பெண்ணிடம் அதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியவர்களில் நானும் ஒருத்தி. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

> ‘அட்டைச் சரிபார்ப்பு’ என்றே வைத்துவிடலாம். நேரான சொல், சுருக்கமும்கூட.

ஐயா, இந்தச் சொல் மலையில் செல்லாது. இங்கே அட்டை என்றால் மழைக்காலத்தில் காலில் ஏறி ரத்தம் குடிப்பது. சமவெளியில் அந்தக் குழப்பம் இல்லை என்றாலும், அட்டை என்றதும் ரேஷன் அட்டையும் அடையாள அட்டையும்தான் நினைவுக்கு வரும். கூடவே ‘சரிபார்ப்பு’ சேர்ந்தால் யாரோ ஓர் அதிகாரி வந்து அட்டையைக் காட்டச் சொல்வதுபோல் ஆகிவிடுகிறது. உண்மையில் நடப்பது வேறு. ‘இந்தச் சங்கம் என் சார்பில் நிர்வாகத்தோடு பேசட்டும்’ என்று எழுதிய சீட்டில் தொழிலாளி ஒப்பம் வைக்கிறார். அப்படி ஒப்பமிட்டவர்கள் பாதிக்கு மேல் இருந்தால், தனியாக வாக்கெடுப்பு வைக்காமலே சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைக்கிறது. வாக்கெடுப்பு வைக்காமலே என்பதுதான் இதில் முக்கியம். அது அட்டைச் சரிபார்ப்பில் எங்கும் தெரியவில்லை.

‘கார்டு செக்’கையே தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு போகலாம் என்று பாலக்காட்டுத் தோழர் எழுதியிருந்தார். தோட்டத்தில் ஏற்கெனவே இரண்டு ‘செக்’ உண்டு. வேலைக்கு வந்தவர்களின் பேர் போடுகிற செக்ரோல் ஒன்று. சங்கச் சந்தாவைக் கூலியிலேயே பிடித்துச் சங்கத்துக்குக் கொடுக்கும் ‘செக் ஆஃப்’ இன்னொன்று. இரண்டாவதற்குச் சந்தாப் பிடித்தம் என்ற நல்ல சொல் வழக்கில் இருக்கிறது. மூன்றாவதாக ஒரு செக் வந்தால் எல்லாம் கலந்துபோகும். அதிலும் சந்தாப் பிடித்தத்தோடு கலந்தால் பெரிய தொல்லை. தபால் துறை மாதிரி சில இடங்களில் சந்தாப் பிடித்தக் கணக்கை வைத்தே எந்தச் சங்கத்துக்கு எவ்வளவு பலம் என்று பார்க்கிறார்கள். அது வேறு முறை, இது வேறு முறை.

அடுத்து வந்த இரண்டு பரிந்துரைகளைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

> ‘சுதந்திரத் தேர்வு முறை’ எனலாம். மசோதாவின் பெயரே அதுதானே?

> ‘ரகசிய வாக்கு ஒழிப்பு’ என்பதே பொருளைச் சரியாகத் தருகிறது.

முதல் சொல், ‘கார்டு செக்’கைச் சட்டமாக்க அமெரிக்காவில் வந்த ‘எம்ப்ளாயி ஃப்ரீ சாய்ஸ்’ மசோதாவுக்கு, அதைக் கொண்டுவந்தவர்கள் வைத்த பெயர். இரண்டாவது, அதை எதிர்த்தவர்கள் சொன்ன குற்றச்சாட்டு. இரண்டில் எதை எடுத்தாலும் கலைச்சொல் அகராதி ஒரு கட்சியில் சேர்ந்துவிடும். அந்தச் சண்டையைக் கொஞ்சம் பார்த்தால் இது விளங்கும்.

அமெரிக்காவில் 1935-ல் வந்த வாக்னர் சட்டம்தான் தனியார் துறைத் தொழிலாளர்களின் சங்க உரிமைக்கு அடித்தளம். அதன் கீழ் உள்ள நடைமுறைப்படி ஒரு பணியிடத்தில் 30 சதவீதம் பேர் ஒப்பமிட்ட சீட்டுகளைக் காட்டினால் தேசியத் தொழிலுறவு வாரியம் ரகசிய வாக்கெடுப்பு நடத்தும். பாதிக்கு மேல் சீட்டு இருந்தால், முதலாளி விரும்பினால் வாக்கெடுப்பு இல்லாமலே சங்கத்தை ஏற்கலாம். விரும்பாவிட்டால் வாக்கெடுப்பு வேண்டும் என்று நிற்கலாம், அது அவர் உரிமை என்று 1974-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் லிண்டன் லம்பர் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆக, சீட்டு முறை புதிதாக வந்ததில்லை. சீட்டு போதுமா, போதாதா என்று முடிவு செய்யும் சாவி யார் கையில் இருக்கிறது என்பதுதான் சண்டை.

2007-ல் வந்த அந்த மசோதா சாவியைத் தொழிலாளர் கைக்கு மாற்றப் பார்த்தது. பிரதிநிதிகள் சபையில் 241-க்கு 185 என்று நிறைவேறியது. செனட்டில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகவே 60 வாக்கு வேண்டும். கிடைத்தது 51. ஆதரவாளர்கள் பக்கம் பெரும்பான்மை இருந்தும் மசோதா அங்கேயே நின்றது. 2009-ல் மறுபடி கொண்டுவந்தார்கள். முன்பு விவாதத்தை முடிக்க வாக்களித்த ஆர்லன் ஸ்பெக்டர் இந்த முறை ஆதரவில்லை என்று அறிவித்தார், மசோதா அப்படியே கிடந்து போனது. எதிர்ப்பு முதலாளிகள் தரப்பிலிருந்து மட்டும் வரவில்லை. 1972-ல் ஜனநாயகக் கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளராக நின்ற ஜார்ஜ் மெக்கவர்னே, ரகசிய வாக்கைக் கைவிடக்கூடாது என்று 2008-ல் பகிரங்கமாக எழுதினார். சக தொழிலாளி எதிரே நின்று சீட்டை நீட்டும்போது மறுக்க முடியாதே என்பது அந்தத் தரப்பின் வாதம். இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது, அது நியாயமான கேள்வி.

மறுபக்க வாதமும் அதே அளவு கனமானது. மனு கொடுத்த நாளுக்கும் வாக்கு நாளுக்கும் நடுவே வாரக்கணக்கில் இடைவெளி. அந்த நாட்களில் வேலை நேரத்திலேயே தொழிலாளர்களைக் கூட்டி வைத்துச் சங்கம் வேண்டாம் என்று நிர்வாகம் பேசும். போகாமல் இருக்க முடியாத நிலை அப்போது இருந்தது. சங்க அமைப்பாளர் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். சங்கம் சேர்த்ததற்காக ஒருவரை வேலையை விட்டு நீக்கினால் வழக்கு முடிய ஆண்டுகள் ஆகும். அதற்குள் வாக்கெடுப்பு முடிந்து, பயமும் படிந்துவிடும். வாக்குச் சீட்டு மட்டும் ரகசியம், அதற்கு முந்திய ஒவ்வொரு நாளும் மேலாளர் கண்முன்னால். என் மனம் இந்தப் பக்கம்தான் சாய்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனாலும் என் சாய்வை ஒரு கலைச்சொல்லுக்குள் ஏற்றி வைக்க எனக்கு உரிமை இல்லை.

பின்னால் சங்க உரிமையை வலுப்படுத்த வந்த ‘புரோ’ மசோதாவும் பிரதிநிதிகள் சபையில் 2020-லும் 2021-லும் நிறைவேறி, செனட்டைத் தாண்டவில்லை. சட்டமன்றத்தில் முடியாததை வாரியம் ஓரளவு செய்தது. 2023 ஆகஸ்டில் செமெக்ஸ் வழக்கில், பெரும்பான்மைச் சீட்டோடு சங்கம் வந்து நின்றால் முதலாளி ஒன்று அதை ஏற்க வேண்டும், இல்லையென்றால் தாமே உடனே வாக்கெடுப்புக்கு மனு செய்ய வேண்டும் என்று வாரியம் சொன்னது. அதன் பிறகு சட்டவிரோதமாக மிரட்டினால், வாக்கெடுப்பை விட்டுவிட்டுச் சங்கத்தோடு பேசும்படி உத்தரவிடலாம் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இது ஆட்சிக்கு ஆட்சி மாறியிருக்கிறது. 1984-ல் வாக்கெடுப்பு, 1993-ல் மறுபடி ஒப்பச் சீட்டு, 2001-ல் மறுபடி வாக்கெடுப்பு, 2022-ல் 55 சதவீதம் ஒப்பமிட்டால் போதும் என்று ஆனது.

இனி நம் பக்கம் வருகிறேன். ‘சுதந்திரத் தேர்வு’ என்றோ ‘ரகசிய வாக்கு ஒழிப்பு’ என்றோ வைத்தால் இங்கே பொருள் தலைகீழாகிவிடும்.

இந்தியாவில் பல பத்தாண்டுகளாக ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று கேட்டவை இடதுசாரிச் சங்கங்கள். உறுப்பினர் பதிவேட்டைப் பார்த்தால் போதும் என்றது காங்கிரஸ் சார்புச் சங்கமான ஐஎன்டியூசி. 1969-ல் அறிக்கை கொடுத்த முதல் தேசியத் தொழிலாளர் ஆணையமே இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்து சொல்ல முடியாமல், அமையப்போகும் தொழிலுறவு ஆணையத்துக்கு விட்டுவிட்டது. 1995-ல் இந்திய உணவுக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் ரகசிய வாக்கெடுப்புக்கு நடைமுறை வகுத்துக் கொடுத்தது. சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கத்தில் 1998-லிருந்து வாக்கெடுப்புதான். கேரளத்தில் 2010-ல் தொழிற்சங்க அங்கீகாரச் சட்டம் வந்தது. கேரள அரசுப் போக்குவரத்துக் கழகமான கேஎஸ்ஆர்டிசியில் 2020 கடைசியில் நடந்த வாக்கெடுப்பை எங்கள் பக்கத்து டிரைவர், கண்டக்டர்கள் ‘ஹிதபரிசோதனை’ என்று மலையாளச் சொல்லாலேயே சொல்வார்கள்.

ஏன் இந்தத் தலைகீழ்? அமெரிக்காவில் கேள்வி, சங்கம் வேண்டுமா வேண்டாமா என்பது. வேண்டாம் என்ற பக்கத்தில் நிர்வாகமே நிற்கிறது. இங்கே ஒரே வாசலில் மூன்று, நான்கு சங்கம். கேள்வி, எது பெரியது என்பது. பதிவேட்டை ஊதிப் பெருக்கலாம், நிர்வாகம் தனக்கு வேண்டிய சங்கத்துக்குப் பக்கம் சாயலாம். அதனால் வாக்குப் பெட்டி பலவீனமானவருக்குத் துணையாகிறது. அங்கே அதே பெட்டிக்கு முன்னால் இருக்கிற இடைவெளி நாட்கள் பலமானவருக்குத் துணையாகின்றன. ஒரே முறை ஓரிடத்தில் தொழிலாளிக்கு உதவும், இன்னோரிடத்தில் உதவாது. அப்படியிருக்க, நல்லது கெட்டதைச் சொல்லுக்குள்ளேயே எப்படி எழுதி வைப்பது?

மூணாறில் 2015 செப்டம்பரில் நடந்ததை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. தேயிலைத் தோட்ட நிறுவனம் போனஸ் 10 சதவீதம் என்று அறிவித்தபோது, 20 வேண்டும், 232 ரூபாயாக இருந்த நாள்கூலியை 500 ஆக்க வேண்டும் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ் பேசுகிறவர்கள். அந்தப் பெண்கள் சங்கம் இல்லாதவர்கள் இல்லை. சந்தா கட்டிய சங்கங்கள் இருந்தன. அந்தச் சங்கத் தலைவர்களையே அவர்கள் போராட்ட இடத்துக்குள் விடவில்லை. ‘பொம்பிளை ஒருமை’ என்ற பெயர் அப்படித்தான் எழுந்தது. போனஸும் கருணைத் தொகையும் சேர்த்து 20 சதவீதம் வாங்கினார்கள், அடுத்த மாதம் கூலி 301 ஆனது. பழைய பேரேட்டில் இருக்கும் பெயரும் இன்றைக்கு ஒருவர் விரும்பிப் போடும் ஒப்பமும் ஒன்றில்லை என்று இந்த மலைக்குத் தெரியும். நாம் வைக்கும் சொல் உறுப்பினர் பதிவேட்டுச் சரிபார்ப்பிலிருந்தும் தள்ளி நிற்க வேண்டும் என்பது அதனால்தான்.

இது வெளிநாட்டுச் செய்தியை மொழிபெயர்க்க மட்டும் வேண்டிய சொல்லும் இல்லை. 2020-ல் நிறைவேறிய தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட சங்கம் இருக்கும் இடத்தில், வருகைப் பதிவேட்டில் உள்ளவர்களில் 51 சதவீதம் பேரின் ஆதரவு பெற்றது ஒரே பேச்சுவார்த்தைச் சங்கம் ஆகும். யாருக்கும் அந்த அளவு இல்லை என்றால், 20 சதவீதத்துக்கு ஒரு பிரதிநிதி என்று பேச்சுவார்த்தைக் குழு அமையும். அந்த ஆதரவை எப்படிச் சரிபார்ப்பது என்பதை விதிகளுக்கு விட்டிருக்கிறார்கள். நாளைக்கு அந்த விதிகளைத் தமிழில் எழுதும்போது ஒப்பமா, வாக்கா, பதிவேடா என்று பிரித்துச் சொல்லச் சொற்கள் வேண்டும்.

சரி, என் பரிந்துரை: ‘கையொப்பவழி அங்கீகாரம்’. இதற்கு இணையாக ‘வாக்குவழி அங்கீகாரம்’. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு தானாகத் தெரிகிறது. ‘பதிவேட்டுவழி அங்கீகாரம்’ என்று மூன்றாவதும் இதே அச்சில் கிடைக்கும். தொழிலாளி ஒப்பமிடும் தாளுக்கு ‘ஒப்பச் சீட்டு’. மலையாளத்தில் கையெழுத்துக்கு ‘ஒப்பு’ என்பதால் எங்கள் பக்கத்தில் இதை விளக்கவே வேண்டாம். கைநாட்டு வைக்கும் பாட்டிகளும் ‘ஒப்பு போட்டாச்சு’ என்றுதான் சொல்கிறார்கள். முதலாளி தானே முன்வந்து ஏற்பதை ‘விருப்ப அங்கீகாரம்’ என்று தனியே வைக்கலாம். கையொப்பவழி அங்கீகாரம் கட்டாயமாகவும் இருக்கலாம், விருப்பமாகவும் இருக்கலாம் என்பதால் இந்தப் பிரிவு தேவை.

> அங்கீகாரம் வடசொல். ‘அறிந்தேற்பு’ என்றால் என்ன?

அம்மா, உங்கள் கவலை எனக்கும் உண்டு. ஆனால் ‘எங்க சங்கத்துக்கு அங்கீகாரம் இல்ல’ என்று தொழிலாளர்கள் வாய்விட்டுச் சொல்கிறார்கள். இந்தத் துறையில் ‘பதிவு’ ஒன்று, ‘அங்கீகாரம்’ இன்னொன்று என்ற வேறுபாடு அவர்கள் தலையில் நன்றாகப் பதிந்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிற்சாலையில் 2024-ல் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் நடந்து, நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில் சங்கத்துக்குக் கிடைத்தது பதிவு. அங்கீகாரம் அதற்கு அடுத்த படி. இந்த இரண்டைக் குழப்பினால் சட்டத்தில் பெரிய தவறு வரும். பழகிய சொல்லை இந்த இடத்தில் மாற்ற வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு சொல்லையும் இப்போதே தீர்த்துவிடுவது நல்லது. அமெரிக்காவில் ‘ரைட் டு வொர்க்’ சட்டங்கள் என்று பல மாநிலங்களில் உண்டு. 1947-ன் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் அதற்கு வழி விட்டது. நம் செய்தித்தாள்களில் இதை ‘வேலை உரிமைச் சட்டம்’ என்று எழுதுகிறார்கள். படிப்பவர், வேலை தரச் சொல்லும் சட்டம் என்றுதான் நினைப்பார். நம் அரசியலமைப்பின் 41-வது பிரிவு பேசும் வேலை உரிமை அதுதானே. அந்த மாநிலச் சட்டங்கள் யாருக்கும் வேலை தருவதில்லை. சங்கம் பேசி வாங்கிய ஒப்பந்தத்தின் பலனைப் பெறும் எல்லோரும் சங்கத்துக்கு ஒரு கட்டணம் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுவதை அவை தடுக்கின்றன. மிச்சிகன் 2023-ல் அப்படிப்பட்ட சட்டத்தை நீக்கியது. ‘கட்டாயச் சந்தாத் தடைச் சட்டம்’ என்றால் செய்வதைச் சொல்கிறது, புகழவும் இல்லை, திட்டவும் இல்லை.

வேலை நேரத்தில் நிர்வாகம் கூட்டும் அந்தக் கூட்டத்துக்கு ‘சிறைப்பட்டோர் கூட்டம்’ என்று வந்த பரிந்துரையை விட்டுவிடலாம். ‘கட்டாயக் கூட்டம்’ போதும். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் ‘நிர்வாகக் கட்டாயக் கூட்டம்’.

ஆந்திராவில் சித்தூர்ப் பக்கமும் ஸ்ரீசிட்டியிலும் ஆலைகளில் வேலை செய்யும் தமிழ் நண்பர்கள் குழுவில் இருக்கிறார்கள். அங்கே தெலுங்கில் ‘குர்திம்பு’ என்ற சொல்லைச் சங்க அங்கீகாரத்துக்குப் புழங்குவதாகத் தெரிகிறது. தமிழ்த் தொழிலாளர்கள் அந்த ஆலைகளுக்குள் இதை என்னவென்று சொல்கிறார்கள் என்று எழுதினால், அகராதிப் பதிவை முடிக்கும் முன் அதையும் சேர்த்துப் பார்க்கலாம். ‘ஒப்பச் சீட்டு’க்கு மறுப்பு உள்ளவர்களும் தெரிவியுங்கள்.

அன்புடன்,
தேவிகுளத்திலிருந்து